பட்டத்தில் மின் எடுக்கும் குழுவுக்கு எந்தச் சம்பவப் பதிவேடு? மும்மடிப் பிரதிக் கொப்பி, வட்ஸ்அப், கோபோ: ஒரு மதிப்பாய்வு

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கொழும்பிலிருந்து கல்பிட்டிக்கோ மன்னாருக்கோ பட்டத்தையும் கயிறு சுற்றும் வின்ச்சையும் ஏற்றிக்கொண்டு போய் மின் எடுத்துப் பார்க்கும் சிறு குழு, சம்பவங்களை எழுதி வைக்க முதலில் வாங்க வேண்டியது, புறக்கோட்டையில் அச்சடித்து எடுக்கக்கூடிய இலக்கமிட்ட மும்மடிப் பிரதிக் கொப்பி. இரண்டாவதாகக் கைபேசியில் படிவம் நிரப்பும் கோபோகலெக்ட் (சுருக்கமாகக் கோபோ) என்ற செயலி வேண்டும். வட்ஸ்அப் குழு ஆட்களைக் கூப்பிடுவதற்கு நல்லது. பதிவேடாக அது தேறாது.

இந்தத் தொழிலுக்கு ஏன் தனியாக ஒரு பதிவேடு என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. தரையில் வின்ச், மேலே பட்டம். பட்டம் எட்டுப் போல வளைந்து பறந்து கயிற்றை இழுக்க, கயிறு சுற்றியிருக்கும் வின்ச்சின் டிரம் சுழன்று மின் வருகிறது. கயிறு முடிந்ததும் பட்டத்தின் இழுவையைக் குறைத்துத் திரும்பச் சுற்றி எடுக்கிறார்கள். கயிறு விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வெளியேறும்போது 20 கிலோ வாட் எடுக்க வேண்டுமானால் இழுவை 5 கிலோ நியூட்டன், அதாவது அரைத் தொன். வெளியே 200 மீட்டர் கயிறு இருந்து, அது ஒரு வீதம் மட்டும் நீண்டாலும் 2 மீட்டர். அந்த நீட்சியில் தேங்கி நிற்கும் ஆற்றல் 5 கிலோ ஜூல். 50 கிலோ சீமெந்து மூட்டை ஒன்று 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். கயிறு அறுந்தால் அது முழுவதும் கண் சிமிட்டும் நேரத்தில் வெளியே வரும். இழுவை காற்று வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், விநாடிக்கு 8 மீட்டர் காற்று 11 ஆனாலே கயிற்றின் பாரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

இத்தனை ஆற்றலோடு வேலை செய்யும் இடத்தில், நடந்துவிட்ட விபத்தை விட நடக்காமல் தப்பிய சம்பவமே அதிகம் கற்றுத் தரும். கயிற்றை இணைக்கும் ஷெக்கிள் வளையத்தின் ஊசி பாதி கழன்றிருந்ததை இறக்கிய பிறகு கண்டது, டிரம்மில் கயிறு ஒரு சுற்று மேலேறிக் கிடந்தது, ரேடியோ தொடர்பு இரண்டு விநாடி போய் வந்தது போன்றவை. பட்டம் பத்திரமாக இறங்கியதும் எல்லோரும் பெருமூச்சு விட்டு அடுத்த பறப்புக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் பெருமூச்சுக்கும் அடுத்த பறப்புக்கும் இடையிலுள்ள பத்து நிமிடத்துக்குள் எழுதப்படாதது பிறகு எழுதப்படுவதே இல்லை. ஆகவே இங்கே நாம் கருவிகளை அளந்த அளவுகோலும் அதுதான்: மணலும் உப்புத் தண்ணீரும் பட்ட கையோடு, பத்து நிமிடத்துக்குள், குழுவில் ஆகச் சின்னவர் எழுதி முடிக்க முடியுமா?

பதிவின் பெறுமதிக்கு வெளிநாட்டில் ஓர் உதாரணம் இருக்கிறது. கூகுளின் தாய் நிறுவனமான அல்ஃபபெட்டின் கீழ் இயங்கிய மக்கானி என்ற நிறுவனம், 26 மீட்டர் சிறகு கொண்ட எம்600 என்ற பறக்கும் காற்றாலையை 2019 ஆகஸ்டில் நோர்வேக் கடலில் பறக்கவிட்டது. அங்கு இரண்டாவது பறப்பின்போது அது கடலில் விழுந்தது. 2020ல் நிறுவனம் மூடப்பட்டது. அதே ஆண்டு தங்கள் தொழில்நுட்ப அறிக்கைகளையும் பறப்புத் தரவுகளையும் மென்பொருளையும் யாரும் எடுத்துப் படிக்கலாம் என்று வெளியிட்டார்கள். மின் விற்காத கருவியாக இருந்தும் இன்றைக்கும் அதிலிருந்து பாடம் எடுக்க முடிகிறதென்றால், பறந்த ஒவ்வொரு தடவையும் எழுதி வைத்ததுதான் காரணம்.

நம் ஊரில் 2021 டிசம்பரில் பருத்தித்துறையில் நடந்ததை எல்லோரும் கைபேசியில் பார்த்தோம். பெரிய பட்டம் ஒன்றின் கயிற்றைப் பல பேர் பிடித்திருக்க, மற்றவர்கள் விட்டுவிட, ஒருவர் மட்டும் கயிற்றோடு பல மீட்டர் மேலே போனார். உயிர் தப்பினார். லட்சக்கணக்கானோர் பார்த்த அந்தக் காணொளியில் பாதுகாப்புக்கு வேண்டிய ஒரு எண்கூட இல்லை. பட்டத்தின் பரப்பு என்ன, காற்று எவ்வளவு, கயிறு எங்காவது நங்கூரமிடப்பட்டிருந்ததா? 65 கிலோ ஆளைத் தூக்க 640 நியூட்டன் போதும். விநாடிக்கு 10 மீட்டர் காற்றில் ஏறத்தாழ 11 சதுர மீட்டர் பட்டம் அதைச் செய்துவிடும். காணொளி பார்ப்பதற்கு. அடுத்த தடவை யாரும் மேலே போகாமல் இருக்க அந்த எண்கள்தான் வேண்டும்.

இனிக் கொப்பியைப் பார்ப்போம். கடைக்காரர்கள் என்.சி.ஆர் என்று சொல்லும், கார்பன் தாள் வைக்காமலே பிரதி விழும் தாளில் அடித்த பில் கொப்பியின் உறவுதான் இது. வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று மூன்று தாள், ஒரே இலக்கம், 50 தொகுதி. வெள்ளை கொழும்பு அலுவலகக் கோப்புக்கு. மஞ்சள் அறுந்த கயிறோ உடைந்த பாகமோ இருக்கும் பையோடு. இளஞ்சிவப்பு கொப்பியை விட்டுக் கழலவே கூடாது, அதற்குக் கிழிப்பதற்கான துளைக்கோடு போட வேண்டாமென்று அச்சகத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த ஒரே ஏற்பாட்டால் பக்கத்தைக் கிழித்து எறிவது வெளியே தெரிந்துவிடும். பிழையாக எழுதினால் குறுக்கே கோடிட்டு ரத்து என்று எழுதி, மூன்று தாளையும் அப்படியே விட வேண்டும்.

அளவு ஏ4. ஏ5 கைக்கு வசதிதான், ஆனால் வரைபடத்துக்கு இடமில்லை, வரைபடம் இல்லாத சம்பவ அறிக்கை பாதி அறிக்கை. யார் எங்கே நின்றார், கயிறு எந்தப் பக்கம் போனது, வேன் எங்கே நின்றது, காற்று எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் ஒரு சதுரத்தில் இருபது விநாடியில் வரையக்கூடியவை, வசனமாக எழுதினால் ஒரு பக்கம் போகும். அந்தச் சதுரம் முன்பக்கத்திலேயே இருக்க வேண்டும். மேல் தாளின் பின்பக்கத்தில்தான் பிரதி விழுத்தும் பூச்சு இருக்கிறது. அங்கே கிறுக்கினால் கீழ்த் தாளும் கெட்டுப்போகும்.

பக்கத்தில் என்னென்ன கேட்பது? மேலே மூன்றே மூன்று: என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, யாருக்காவது காயமா. அதற்குக் கீழே எந்தக் கட்டம் என்று டிக் போட ஆறு பெட்டி: ஏவல், மேலேற்றம், இழுவை, சுற்றி எடுத்தல், இறக்கம், தரையில் நின்றது. பிறகு எண்கள்: அந்த நேரத்தில் இழுவை எவ்வளவு, வெளியே எத்தனை மீட்டர் கயிறு, பட்டத்தின் உயரக் கோணம், காற்று வேகம். காற்று வேகத்துக்குப் பக்கத்தில் எந்த உயரத்தில் அளந்தது என்ற கட்டத்தை விட்டுவிடுபவர்கள் பலர், அது பெரிய தவறு. கையில் பிடித்த வேகமானி 2 மீட்டர் உயரத்தில் 6 என்று காட்டும்போது, உயரத்தோடு காற்று கூடுவதைக் கணக்கிடும் வழக்கமான ஏழிலொன்று அடுக்கு விதிப்படி 150 மீட்டரில் பட்டம் காண்பது 11க்குக் கிட்ட. பாரத்தில் பார்த்தால் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். உயரம் எழுதாத காற்று வேகம் அறிக்கையைப் பிழையான வழியில் இழுத்துக்கொண்டு போகும்.

அவசர நிறுத்தப் பொத்தான் யார் கையில் இருந்தது, அது அழுத்தப்பட்டதா, அழுத்தியதும் என்ன நடந்தது என்பதற்கு ஒரு வரி. கடைசியில் 1 முதல் 5 வரை இரண்டு அளவு: உண்மையில் எவ்வளவு மோசம், எவ்வளவு மோசமாகியிருக்கலாம். முதலாவது 1 ஆகவும் இரண்டாவது 5 ஆகவும் இருக்கும் பக்கம்தான் அந்த வாரத்தில் முதலில் பேசப்பட வேண்டிய பக்கம்.

காரணம் என்ற பெட்டி களத்தில் எழுதும் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பது எங்கள் திடமான கருத்து. கேட்டால், காற்று திடீரென்று கூடியது என்றுதான் எழுதுவார்கள். காற்று எப்போதும் கூடும் குறையும், அதற்காகத்தானே இந்த இயந்திரம். முதலில் எழுதப்பட்ட காரணம் எல்லோர் மனதிலும் ஒட்டிக்கொண்டு பிறகு தேடலையே நிறுத்திவிடுகிறது. காரணத்தை இரண்டாம் நாள் கொழும்பில், இழுவைத் தரவையும் கயிற்றின் முனையையும் மேசையில் வைத்துக்கொண்டு வேறொரு தாளில் எழுத வேண்டும்.

கொப்பியின் குறைகளையும் சொல்ல வேண்டும். போல்பொயிண்ட் பேனை தவிர வேறு எதற்கும் மூன்றாம் தாளில் எழுத்து விழாது. ஜெல் பேனை மூன்றாம் தாளை வெறுமையாக விட்டுவிடும். எழுதும் தொகுதிக்குக் கீழே தடித்த அட்டை வைக்காவிட்டால் அடுத்த தொகுதியிலும் நிழல் விழும். பிரதி எழுத்து வெயிலிலும் சூட்டிலும் மங்கும், வேன் டாஷ்போர்டில் கொப்பியை விட்டுவைக்காதீர்கள். மென்மையான பி.வி.சி. உறைகளில் உள்ள குழைபொருள் இந்த எழுத்தைத் தின்றுவிடும், கோப்பில் போடுவதானால் கடதாசி உறை. அன்றன்றே வெள்ளைத் தாளைப் படம் எடுத்து வைப்பது அவசியம்.

அச்சகத்துக்குப் போகிறவர்கள் கவனிக்க இன்னொன்று. கொழும்பில் பல அச்சகங்களில் தமிழுக்கு இன்னும் பாமினி எழுத்துருதான் பழக்கம். வேர்ட் கோப்பாகக் கொடுத்தால் கொம்பும் காலும் இடம்மாறி, இழுவை என்பது வேறேதோவாக அச்சாகும். எழுத்துரு உள்ளேயே பதிந்த பி.டி.எஃப் ஆகக் கொடுத்து, ஒரு மாதிரித் தாள் அடித்து வாசித்துப் பார்த்த பிறகே மிச்சத்துக்குச் சம்மதம் சொல்லுங்கள். வின்ச் அருகே நிற்பவர் சிங்களத்தில் எழுதுபவராக இருக்கலாம், ஆகவே தலைப்புகள் இரு மொழியிலும் வேண்டும். சிங்களத்தையும் அதை வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிய பிறகே அச்சுக்கு விடுங்கள்.

வட்ஸ்அப். வேகத்தில் இதை மிஞ்ச எதுவுமில்லை, குரல் பதிவு முதல் நிமிடத்தின் பதற்றத்தையும் விவரத்தையும் அப்படியே பிடிக்கும். அந்த அளவில் பாவியுங்கள். ஆனால் செய்திக்கு இலக்கமில்லை, அனுப்பியவர் எல்லோருக்கும் அழிக்கலாம், மறையும் செய்தி அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் தானாகவே போய்விடும். படமாக அனுப்பினால் அது சுருங்குவதோடு, எடுத்த நேரமும் இடமும் அடங்கிய உள்தகவலும் போய்விடுகிறது. கட்டாயம் அனுப்ப வேண்டுமென்றால் டொக்கியூமண்ட் என்ற வழியால் அனுப்புங்கள், அப்போது மூலக்கோப்பு அப்படியே போகும். எல்லாவற்றையும் விடப் பெரிய குறை ஒன்றுண்டு. பொறுப்பான ஆசிரியர், அதாவது சேர், இருக்கும் குழுவில், சேர் சொன்னதால்தான் அந்தக் காற்றில் ஏவினோம் என்று இறுதியாண்டு மாணவன் எழுத மாட்டான். கொப்பியில், மற்றவர் பார்க்காத நேரத்தில், எழுதுவான்.

கோபோகலெக்ட் ஆண்ட்ரொய்ட் கைபேசியில் இணையம் இல்லாமலே இயங்கும். சிக்னல் கிடைத்ததும் பதிவுகளை அனுப்பும். எக்செல் தாளில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு நிரல் சேர்த்தால் அதே படிவம் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வரும், இடமும் படமும் குரலும் ஒரே பதிவில் சேரும். ஐபோன்காரர்கள் உலாவியில் நிரப்பலாம். மாதத்துக்குச் சில பத்துப் பதிவு எழுதும் குழுவுக்குச் செலவில்லாத திட்டமே போதும். கூகுள் ஃபோம்ஸைப் பலர் கேட்பார்கள்: இணையம் இல்லாத கடற்கரையில் அது திறக்காது, படம் ஏற்ற கூகுள் கணக்கு வேறு கேட்கும். அதோடு அதை விட்டுவிடலாம்.

கோபோவில் பிழை நேரும் இடங்கள் மூன்று. பதிவை முடித்து இறுதி செய்யாமல் வரைவாக விட்டால் அது கைபேசியிலேயே கிடக்கும். கைபேசி கடலில் விழுந்தால் பதிவும் போனது. படிவத்தைக் கொழும்பிலிருந்து திருத்தினால் களத்தில் உள்ள ஒவ்வொரு கைபேசியும் புதிய பதிப்பை இறக்கிக்கொண்டதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, ஆகத் தீங்கானது: கட்டாயக் கேள்விகளை அடுக்குவது. இருபது கட்டாயக் கேள்வி வைத்தால் இருபதுக்கும் இல்லை என்று அழுத்திவிட்டுப் போவார்கள். கொப்பியின் மேல் மூன்று வரியை மட்டும் கட்டாயமாக்கினால் போதும். கொப்பி இலக்கத்தைக் கேட்கும் ஒரு கட்டமும் சேர்த்துவிட்டால் தாளும் தரவும் ஒன்றோடொன்று கட்டுப்பட்டுவிடும்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டத்தின் தரவுப்பதிவி பெரும்பாலும் செயற்கைக்கோள் நேரத்தையும் கிரீன்விச் கணக்கையும் பிடித்துக்கொண்டு ஓடும், கைபேசி இலங்கை நேரத்தில் இருக்கும். ஐந்தரை மணி வித்தியாசம். பறப்புக்கு முன் தரவுப்பதிவியின் திரையையும் கைபேசிக் கடிகாரத்தையும் ஒரே படத்தில் பிடித்து வையுங்கள். சம்பவத்துக்குப் பிறகு அடுத்த பறப்புக்கு முன்னரே தரவுப்பதிவியின் எஸ்.டி. அட்டையைப் பிரதி எடுங்கள். அட்டை நிரம்பியதும் பழைய தரவை அழித்து எழுதும் கருவிகள் உண்டு.

கயிற்றின் முனைக்கு வருவோம். எந்தச் செயலியும் தராத சாட்சி அது. பட்டத்துக்குப் பாவிக்கும் டைனீமா என்ற செயற்கை நார்க் கயிறு அறுந்து விழுந்ததும், பழக்கத்தில் யாராவது லைட்டரை எடுத்து முனையைச் சுட்டு இறுக்கிவிடுவார்கள், பிரிந்து போகாமலிருக்க. அந்த ஒரு விநாடியில் சாட்சி முழுதும் போய்விடுகிறது. சுடாதீர்கள், முடிச்சும் போடாதீர்கள். முனையிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி டேப் சுற்றி, இரு பக்கமும் ஒரு மீட்டர் விட்டு வெட்டி, ஜிப் பையில் போட்டு மஞ்சள் தாளைச் சேர்த்து வையுங்கள். வெட்டிய பக்கத்துக்கு வேறு நிற டேப், இல்லாவிட்டால் எது அறுந்தது எது வெட்டியது என்று பிறகு தெரியாது.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் முனை பேசும். இழைகள் எல்லாம் ஒரே மட்டத்தில் நேராக நின்றால் கூரான விளிம்பு: கப்பியின் ஓரம், வழிகாட்டி வளையத்தில் எழும்பிய உலோகப் பிசிறு. இழைகள் வெவ்வேறு நீளத்தில் துடைப்பம் போல் பிரிந்திருந்தால் அதிபாரம். முனைக்கு முன்பே ஒரு சாண் நீளத்துக்குப் பஞ்சு பூத்து, கயிறு மெலிந்திருந்தால் மணலும் உப்பும் நாளாக அராவியது. கண்ணாடி போல் மினுங்கி விறைத்திருந்தால் சூடு. இந்த நார் ஏறத்தாழ 145 முதல் 150 பாகை செல்சியசுக்குள் உருகிவிடும். சுற்றாமல் இறுகிப்போன கப்பியின் மேல் பாரத்தோடு ஓடும் கயிற்றுக்கு அந்தச் சூடு வர நேரம் எடுக்காது. முடிச்சின் வாயில் அறுந்திருந்தால் மேலே தேட வேண்டியதில்லை. முடிச்சு டைனீமாவின் வலுவை ஏறத்தாழப் பாதியாக்கும். முடிச்சில்லாமல் கயிற்றை அதற்குள்ளேயே செருகி, அதாவது ஸ்பிளைஸ் செய்து, எடுத்த கண்தான் போட வேண்டியது. பழைய சோனகத் தெருவில் கயிறு வாங்கும்போது விற்பனையாளர் முடிச்சுப் போட்டு இழுத்துக் காட்டுவது நைலோனுக்குச் சரி, இதற்குப் பொருந்தாது.

பாரம் மிஞ்சினால் முதலில் அறும்படி கயிற்றில் வைக்கும் வீக் லிங்க் என்ற இணைப்பு அறுந்ததையும் சம்பவமாக எழுதுங்கள். அது அறுவதற்கென்றே வைத்தது, வேலையைச் செய்தது என்று விட்டுவிடுவார்கள். எத்தனை கிலோ நியூட்டனில் அறுந்தது என்று எழுதிக்கொண்டே போனால், குறித்த அளவுக்கு முன்னரே அறுகிறதா, அதாவது வெயிலில் பழுதாகிறதா, அல்லது குறித்த அளவைத் தாண்டியும் நிற்கிறதா என்பது ஐந்தாறு பதிவில் தெரியும். இரண்டாவது வகை மிக ஆபத்தானது.

எழுதுபவரைத் தண்டிக்கும் குழுவில் எந்தப் பதிவேடும் ஒரு மாதத்தில் வெறுமையாகிவிடும். விமானத்துறையில் இதைத் தீர்த்த விதம் தெளிவானது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பதின்மூன்றாம் இணைப்பு, விசாரணையின் ஒரே நோக்கம் விபத்தைத் தடுப்பது, பழியோ பொறுப்போ சுமத்துவதல்ல என்று வைத்திருக்கிறது. அமெரிக்காவில் நாசா 1976 முதல் விமானிகளின் சொந்தத் தவறுகளையே பெயர் வெளியிடாமல் வாங்கிச் சேர்த்து வருகிறது. ஆகவே கொப்பியில் எழுதியவர் பெயர் இருக்கலாம், மற்றவர்களைக் குறிக்கும்போது வேலையின் பெயர் போதும்: வின்ச்காரர், ஏவியவர், பார்வையாளர்.

முன் அட்டையின் உட்பக்கத்தில் அச்சடிக்க வேண்டியவை: அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, தீயணைப்பு 110, மின்சார சபை 1987. கடைசி எண் முக்கியம். நம் கரையோரங்களில் 33 கிலோ வோல்ட், 11 கிலோ வோல்ட் கம்பிகள் மேலேதான் போகின்றன. உப்பேறி நனைந்த கயிறு மின்சாரம் கடத்தும். கம்பியில் கயிறு விழுந்தால் யாரும் இழுக்கக் கூடாது, வின்ச்சையும் வேனையும் தொடக் கூடாது, 1987க்கு அழைத்துவிட்டு ஆட்களைத் தள்ளி நிறுத்த வேண்டும். அட்டையில் இன்னொரு வரிக்கு இடம் விடுங்கள்: சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையிடம் பெற்ற அனுமதியின் இலக்கமும், அனுமதித்த உயரமும், திகதியும். இரத்மலானை, கட்டுநாயக்க விமான நிலையங்களை அண்டிய பகுதியில் சோதனைப் பறப்பை யோசிக்கவே வேண்டாம்.

முதல் தடவை அச்சடிப்பவர்கள் இரண்டு கொப்பி எடுத்தால் போதும், 100 பக்கம். இருபது பக்கம் எழுதிய பிறகு எந்தக் கட்டம் எப்போதும் வெறுமையாகக் கிடக்கிறது, எந்த விவரம் ஓரத்தில் நெருக்கி எழுதப்படுகிறது என்று பாருங்கள். இரண்டாவது பதிப்பில் வெறுமையாகக் கிடந்த கட்டத்தை எடுத்துவிட்டு, ஓரத்தில் எழுதியதற்குப் பெட்டி போடுங்கள்.